லைசென்ஸ்: உரிமமா, உரிமையா?

ஒளிப்படங்களைக் கேட்கும் பதிப்பகம் கூடவே இரண்டு மூன்று பக்க ஒப்பந்தம் ஒன்றையும் அனுப்பும். தலைப்பில் ‘லைசென்ஸ் அக்ரிமென்ட்’ என்று இருக்கும். தொகை எவ்வளவு, பெயர் போடுவார்களா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். தலைப்பில் உள்ள அந்தச் சொல் என்ன சொல்கிறது, உள்ளே இருக்கும் வரிகளும் அதையே சொல்கின்றனவா என்று பார்ப்பவர்கள் குறைவு.

லத்தீனில் ‘லிகேரே’ என்றால் அனுமதிக்கப்பட்டிருத்தல். அதிலிருந்து ‘லிகென்டியா’ என்ற பெயர்ச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் லைசென்ஸ் ஆனது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்து எல்.எம்.பி. டாக்டர்களின் பட்டத்தில் முதலில் நிற்கும் ‘எல்’ இந்தச் சொல்லின் குடும்பம்தான்: வைத்தியம் பார்க்க அனுமதி பெற்றவர் என்று பொருள்.

சட்டத்தில் இதன் பொருள் இன்னும் கறாரானது. 1673இல் இங்கிலாந்தில், ஒயின் விற்கும் அனுமதி பற்றிய தாமஸ் எதிர் சோரல் வழக்கில் நீதிபதி வாகன் சொன்னதன் சாரம் இது: லைசென்ஸ் எந்தச் சொத்தையும் கைமாற்றுவதில்லை, அது இல்லாவிட்டால் சட்டவிரோதமாக இருந்திருக்கும் ஒரு செயலைச் சட்டப்படியானதாக ஆக்குகிறது, அவ்வளவே. நம் நாட்டு 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் (பிறர் நிலத்தில் வழி, நீர் போன்றவற்றுக்கு உள்ள உரிமை பற்றியது) 52ஆம் பிரிவும் இதே பொருளைத்தான் தருகிறது. மும்பையில் வீடு கொடுப்பவர்கள் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தம் போடுவது இதை நம்பித்தான். குடியிருப்பவருக்கு இருக்க அனுமதி உண்டு, வீட்டில் பாத்தியதை கிடையாது.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? தமிழ்நாட்டு அரசு வழக்கில் உரிமம். ஓட்டுநர் உரிமம், தொழில் உரிமம் எல்லாம் பழகிவிட்டன. இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம் என்கிறார்கள். மூலச்சொல்லின் பொருளுக்கு நெருக்கமானது இலங்கை வழக்குதான் என்பது என் எண்ணம், சற்று நீளம் என்றாலும். உரிமம் கச்சிதமான சொல். ஆனால் ‘உரி’ என்ற வேரிலிருந்து வந்தது. அந்த வேருக்குச் சொந்தம், தகுதி என்ற இரண்டு சாயலும் உண்டு. ‘வினைக்குரிமை நாடிய பின்றை’ என்று குறள் (518) சொல்லும்போது உரிமை என்பது ஒரு வேலைக்கு ஏற்றவனாக இருக்கும் தகுதி. இன்றைக்கு உரிமை என்றால் நம் காதில் சொந்தம்தான் முதலில் விழுகிறது. அதனால் ‘உரிமம் வழங்குகிறேன்’ என்பதும் ‘உரிமையை வழங்குகிறேன்’ என்பதும் தமிழ் ஒப்பந்தத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். முதலாவது அனுமதி. இரண்டாவதை, படத்தையே எழுதிக் கொடுத்ததாகவும் ஒருவர் வாதாடலாம். ஒப்பந்தத்தில் ‘பயன்பாட்டு உரிமம்’ என்று முழுதாக எழுதச் சொல்லிக் கேட்பது நல்லது.

தலைப்பு லைசென்ஸ் என்று இருந்தாலும், உள்ளே ‘பதிப்புரிமை முழுவதையும் நிரந்தரமாக மாற்றித் தருகிறேன்’ என்று ஒரு வரி இருந்தால் அது உரிமம் அல்ல, உரிமை மாற்றம். ஆங்கிலத்தில் அசைன்மென்ட் என்பார்கள். வாடகைப் பத்திரம் என்று தலைப்பிட்டுக் கிரயம் எழுதினாற்போல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) உரிமை மாற்றத்துக்கு 18, 19ஆம் பிரிவுகள், உரிமத்துக்கு 30ஆம் பிரிவு. இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே தலைப்பை விட்டுவிட்டு வினைச்சொல்லைத் தேடுங்கள்: ‘அனுமதிக்கிறேன்’ என்றிருக்கிறதா, ‘மாற்றித் தருகிறேன்’ என்றிருக்கிறதா?

ஒப்பந்தம் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்பதும் முக்கியம். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவே எடுத்துக்கொள்ளும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, கொடுத்த உரிமை காலாவதியாகும். 30ஏ பிரிவின் வழியாக இந்த விதிகள் உரிமத்துக்கும் பொருந்தும். ‘உலகம் முழுவதும்’, ‘என்றென்றும்’, ‘இனி உருவாகும் ஊடகங்களிலும்’ என்றெல்லாம் சில ஒப்பந்தங்கள் நீட்டி முழக்குவது ஏன் என்று இப்போது புரியும். எழுதாமல் விட்டால் சட்டம் படம் எடுத்தவர் பக்கம் சாய்கிறது. அந்த ஊடக வரிக்கு 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு காரணம்: உரிமை மாற்றத்தின்போது புழக்கத்தில் இல்லாத ஊடகம், பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றத்தில் அடங்காது. ஆயிரம் பிரதி அச்சிடும் ஒரு புத்தகத்துக்கு உலகம் முழுவதையும் எழுதிக் கேட்டால், ஏன் என்று கேட்பதில் தப்பில்லை.

‘எக்ஸ்க்ளூசிவ்’ என்பதற்கு லத்தீன் வேர்ப்பொருள் வெளியே நிறுத்திக் கதவடைத்தல். தமிழில் தனியுரிமம் எனலாம். வெளியே நிறுத்தப்படுவது மற்றப் பதிப்பகங்கள் மட்டுமல்ல, படம் எடுத்த நீங்களும்தான். தனியுரிமம் கொடுத்த காலம் வரை அந்தப் படத்தை உங்கள் கண்காட்சி நூலில் போடக்கூட அவர்களைக் கேட்க வேண்டியிருக்கும். சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு விலக்கு வரி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பெயர் போடுவதைப் பதிப்பகத்தின் தயவாக நினைக்க வேண்டாம். 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் ‘இதை எடுத்தவர் நான்’ என்று கோரும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். படத்தைச் சிதைத்து உங்கள் நற்பெயரைக் கெடுத்தாலும் கேட்கலாம்.

இதெல்லாம் படம் உங்களுடையதாக இருந்தால்தான். கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான். 17ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கல்யாண வீட்டில் எடுத்த அருமையான நாதஸ்வரக் கலைஞர் படத்தை அட்டைக்குக் கொடுக்குமுன், கல்யாண வீட்டாரோடு என்ன பேசியிருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். பத்திரிகையில் சம்பளத்துக்கு எடுத்த படத்துக்கும் தனி விதி உண்டு.

ஏற்கெனவே விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் கிடங்கில், எல்லோருக்கும் பொதுவாக அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு ஏற்றிய படம் என்றால் சிக்கல் வேறு. அந்த உரிமம் திரும்பப் பெற முடியாதது. நிபந்தனைகளை மதிக்கும் எவரும் அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அந்தப் படத்துக்குத் தனியுரிமம் தருவதாகக் கையெழுத்துப் போட்டால், ‘வேறு யாருக்கும் உரிமம் தரவில்லை’ என்று உறுதியளிக்கும் வரி பொய்யாகிவிடும். அதற்குக் கீழேயே பெரும்பாலும் ஈட்டுறுதி என்ற வரியும் இருக்கும்: உறுதி பொய்த்துப் பதிப்பகத்துக்கு நட்டம் வந்தால் ஈடு செய்ய வேண்டியவர் நீங்கள். அப்படிப்பட்ட படத்தைக் கொடுக்குமுன் விஷயத்தைச் சொல்லி, ‘தனி’ என்ற சொல்லை அடிக்கச் சொல்லிவிடுங்கள்.