வினாவழிக் கற்றலா, வினவிக் கற்றலா?

வினாவிலிருந்து தொடங்கிக் கற்கும் முறையான 'இன்கொயரி பேஸ்டு லேர்னிங்' என்பதை 'விசாரணை அடிப்படையிலான கற்றல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவுடன் காவல் நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. 'கேள்விவழிக் கற்றல்' என்பதில் வேறொரு சிக்கல். பழந்தமிழில் கேள்வி என்பது செவியால் கேட்டு அறிவது. திருக்குறளின் கேள்வி அதிகாரமும் அதைத்தான் பேசுகிறது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டிருக்கும் முறைக்கு மாற்றாக வந்த ஒன்றுக்கு அந்தப் பெயரையே சூட்டுவது வேடிக்கை.

'இன்கொயரி' என்ற மூலச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'குவேரெரே' என்ற வினைக்குத் தேடுதல், கேட்டல் என்ற இரு பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் தேடலைக் குறிக்கும் 'குவெஸ்ட்', வினாவைக் குறிக்கும் 'குவெஸ்டியன்' இரண்டும் அதன் வழிவந்தவை. கல்வியில் இந்தச் சிந்தனைக்கு அழுத்தம் தந்தவர்களுள் அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி முக்கியமானவர். அறிவியல் ஆயத்தமாகக் கிடைக்கும் செய்திகளின் குவியலாகவே கற்பிக்கப்படுகிறது, சிந்திக்கும் முறையாகக் கற்பிக்கப்படுவதில்லை என்று 1910இல் அவர் குறைபட்டுக்கொண்டார்.

தமிழில் இதற்கு நல்ல கருவி இலக்கணத்திலேயே இருக்கிறது. நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்தவர் பிறருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. 'நண்பகலில் நிழல் ஏன் குறுகுகிறது?' என்று ஆசிரியர் கேட்டால் அது முதல் வகை. அதே தொடரை முற்றத்தில் நிற்கும் சிறுமி கேட்டால் இரண்டாம் வகை. சொற்கள் மாறவில்லை, கேட்பவர் மாறிவிட்டார். வழக்கமான வகுப்பறையில், தேர்வுத்தாள் உட்பட, ஏறக்குறைய எல்லாமே அறிவினாதான். மாற்றுக் கல்வி கேட்கும் மாற்றம் அறியாவினாவுக்கும், இதுவா அதுவா என்ற ஐயத்தில் கேட்கும் ஐயவினாவுக்கும் இடம் கொடுப்பதுதான்.

எந்த அளவுக்கு இடம் என்பதில் கல்வியாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. பாஞ்சி, பெல் என்ற இருவர் 2008இல் நான்கு படிகளை வகுத்தனர். முதற்படியில் வினா, செய்முறை இரண்டும் தரப்படும். விடையும் முன்பே தெரியும். இரண்டாம் படியில் விடை மறைந்திருக்கும். மூன்றாம் படியில் வினா மட்டும் கிடைக்கும். நான்காம் படியில்தான் வினாவையும் மாணவரே எழுப்புகிறார். எடுத்த எடுப்பில் நான்காம் படியில் ஏற்றிவிடுவதை எதிர்ப்பவர்களும் உண்டு: புதிதாகக் கற்பவரை வழிகாட்டலின்றி விட்டால் நினைவாற்றல் தாங்காது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் வாதிட்டனர். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆகவே இரு சொற்களையும் வைத்துக்கொள்ளலாம் என்பேன். யார் கேட்டாலும் வினாவிலிருந்து தொடங்கும் முறை முழுவதற்கும் 'வினாவழிக் கற்றல்'. நான்காம் படிக்கு மட்டும் 'வினவிக் கற்றல்'. 'வினவி' வினையெச்சம் என்பதால் வினவுபவரும் கற்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். ஆசிரியர் வினவ மாணவர் கற்பதை இந்தத் தொடர் ஏற்காது. பாடங்களுக்குச் செல்வதை மாணவர் விருப்பத்துக்கே விட்ட, 1921இல் தொடங்கிய சம்மர்ஹில் போன்ற பள்ளிகளைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உதவும்.

இதன் உடன்பிறப்பான 'பெர்சனலைஸ்டு லேர்னிங்' வேறு பொருள். அது யார் வினவுகிறார் என்பதைப் பற்றியதன்று. வேகம், வரிசை, அளவு ஆகியவை ஆளுக்கு ஆள் மாறுவதைப் பற்றியது. ஹெலன் பார்க்கர்ஸ்ட் உருவாக்கிய டால்டன் திட்டத்தில் மாணவர் ஒரு மாதப் பாடத்தை ஒப்பந்தமாக ஏற்று, தன் வேகத்தில் முடிப்பார். பாடத்தை வகுத்தவர் ஆசிரியரே. கணினித் துறையின் 'தனிப்பயனாக்கம்' இங்கே பொருந்தாது, அது கருவியின் அமைப்பை மாற்றுவது. 'ஆளுக்கேற்ற கற்றல்' போதும்.