எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் மனநல ஆலோசகர் எதற்கு?

உடல் எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை வேண்டும் என்று போனவரை மனநல ஆலோசகரிடம் அனுப்பினால், தண்டையார்ப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் சட்டென்று எழும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கென்ன பைத்தியமா?" கோபம் நியாயமானதே. ஏன் அனுப்புகிறார்கள் என்று யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

'ஸ்லீவ்' அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் பசி அடங்குகிறது. ஆனால் மனிதர்கள் பசிக்காக மட்டுமா சாப்பிடுகிறார்கள்?

மணலியில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். "நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், சார்?" என்று ஆலோசகர் கேட்கிறார். "மூன்று வேளைதான், மேடம். அதுவும் கொஞ்சம்தான்." பேச்சு வளர வளர, வேலையில்லாத நாளின் நடுநிசி வெளியே வருகிறது. வீடே தூங்கும்போது அடுப்படியில் நின்றபடி மிக்சர் பாக்கெட்டைக் காலி செய்திருக்கிறார். "போதும் என்று தோன்றியபோது நிறுத்த முடிந்ததா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அளவைவிட, கட்டுப்பாடு கைநழுவியதா என்பதே இங்கு முக்கியம். சுருங்கிய இரைப்பை ஒரு தட்டுப் பிரியாணியை ஏற்காது. நாள் முழுக்கக் கொறிக்கும் மிக்சரையும் ஐஸ்கிரீமையும் தடுக்காது. எடை திரும்ப ஏறும் வழிகளில் இதுவும் ஒன்று.

மதுவைப் பற்றியும் துருவிக் கேட்பார்கள். இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி உணவைச் செலுத்தும் 'பைபாஸ்' என்ற இன்னொரு எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களின் ரத்தத்தில் மது வேகமாக ஏறும். முன்பு கட்டுக்குள் இருந்த குடி, சில ஆண்டுகளில் அடிமைத்தனமாக மாறலாம். லித்தியம் போன்ற மனநல மருந்துகளின் அளவும் ரத்தத்தில் மாறக்கூடும். அதனால் எந்த மாத்திரையையும் மறைக்கக் கூடாது.

மனச்சோர்வு இருப்பதாலேயே யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. சிகிச்சை பெறாத தீவிர மனநோயோ விடாத போதைப் பழக்கமோ இருந்தால், அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, முதலில் அதைக் கவனிப்பார்கள். வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை எடுக்க வேண்டும் என்பது புரிந்திருக்கிறதா, வீட்டில் சமைப்பவர் ஒத்துழைப்பாரா என்றும் பார்ப்பார்கள். இத்தனையையும் ஒரு கையெழுத்துக்கான சடங்காக அவசரமாக முடிப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இந்தச் சந்திப்புகள் தொடர வேண்டும். எடை மளமளவென்று இறங்கும் முதல் ஆண்டில் பலருக்கு மனம் தெளிகிறது. பின்னர் சிலருக்குச் சோர்வு திரும்புகிறது. தற்கொலை முயற்சிகள் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை பார்க்க வரும் ஒவ்வொரு முறையும் தூக்கத்தையும் மனநிலையையும் விசாரிப்பது அதற்காகத்தான்.