ஸ்டிரைக்கரை அடிக்கும் முன்னால் பாக்கெட்டைச் சொல்லுங்கள்

சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், தீசிஸ் பைண்டிங் போடும் ஜெராக்ஸ் கடை ஒன்று வரும். அதன் மாடியில்தான் என் அறை. நான் புள்ளியியல் படித்தவன். பிஎச்.டி. ஆய்வாளர்கள் கொண்டுவரும் டேட்டாவைப் பார்த்து எந்தச் சோதனை போடலாம், முடிவை எப்படி எழுதலாம் என்று சொல்வது பிழைப்பு. பதினேழு வருடமாக விலங்கியல், உளவியல், வணிகவியல் என்று எல்லாத் துறையும் இந்தப் படி ஏறியிருக்கிறது. ஏறி வந்து மூச்சு வாங்குவதற்குள் எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "சார், எப்படியாவது சிக்னிஃபிகண்ட் வரணும் சார்."

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு குழுக்களுக்கு இடையே உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கையில் இருக்கிற அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி வேல்யூ. 0.05-க்குக் கீழே இருந்தால் சிக்னிஃபிகண்ட். 1925-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ரொனால்டு ஃபிஷர் வசதிக்காகப் போட்ட கோடு அது. நூறு வருடம் கழித்து அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் பலருடைய தூக்கம் கெடுகிறது.

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. 2024-ல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான். எங்கள் தெருவில் ஆடும்போது, காயின் ஏதோ ஒரு பாக்கெட்டில் விழுந்த பிறகு "அதைத்தான் குறி வெச்சேன்" என்று எவனாவது சொன்னால் சிரித்துவிடுவார்கள். அடிப்பதற்கு முன்னால் பாக்கெட்டைச் சொல்லியிருந்தால் சரி, இல்லையென்றால் ஃப்ளூக். ஆராய்ச்சியில் மட்டும் ஃப்ளூக்கில் விழுந்த காயினுக்கு டாக்டர் பட்டமே கிடைத்துவிடுகிறது.

போன வருடம் விலங்கியல் மாணவி ஒருத்தி வந்தாள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் பிடித்த மடவை மீன் 30, பழவேற்காட்டு மடவை 30. ஈயமும் காட்மியமும் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருந்தாள். பி வேல்யூ 0.001. கைடுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். என்னிடம் வந்தது பட்டியல் அழகாகப் போட்டு வாங்க மட்டும்தான்.

"முப்பது மீனையும் எப்பம்மா வாங்கினே?"

"ஒரே நாள்தான் சார். முகத்துவாரத்துல ஒரு அண்ணன்கிட்ட மொத்தமா வாங்கிட்டேன். மறுநாள் பழவேற்காட்டுல."

"அந்த அண்ணன் எத்தனை வலை போட்டாரு?"

"ஒண்ணுதான் சார்" என்றவள், சொல்லி முடிப்பதற்குள்ளேயே புரிந்துகொண்டாள்.

மடவை கூட்டமாகத் திரியும் மீன். ஒரே வலையில் வந்தவை கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே இடத்துச் சேற்றை மேய்ந்தவை. முப்பதை அளந்தாலும் அந்த நாளில் அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் தெரியும். எண்ணூர்த் தண்ணீரோ வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வரும். கோடையில் முகத்துவாரம் மணல் மேடிட்டுப் பாதி அடைத்துக்கொள்ளும். அனல் மின்நிலையச் சாம்பல் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்ததை ஊரே பார்த்தது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த நாள் வலை போட்டீர்கள் என்பதே முடிவை மாற்றிவிடும். அவள் கையில் இருந்தது 60 மீன், ஆனால் வலை இரண்டுதான்.

இந்தக் குழப்பத்துக்கு 1984-லேயே சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 'போலி மறுபிரதி' என்று பொருள்படும்படி ஒரு பெயர் வைத்தார். அவர் 176 சூழலியல் சோதனைகளை எடுத்துப் பார்த்தார். புள்ளியியல் சோதனை போட்டு முடிவு சொன்னவற்றில் 48 சதவீதத்தில் இதே தவறு இருந்தது. அவளுக்கு இது ஆறுதலாக இல்லை. ஆய்வகக் கட்டணம் போனதுதான் கண்ணில் நின்றது. எனக்கு வேறு கவலை. இந்த முடிவு அச்சில் வந்துவிட்டால், நாளைக்கு யாராவது அதைக் காட்டி எண்ணூர் மீனை வாங்காதே என்பார்கள், இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடு என்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரு வலை.

கிளம்பும்போது, "சைக்காலஜியிலதான் சார் இப்படியெல்லாம் நடக்கும்னு நினைச்சேன்" என்றாள். லேப் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள நினைப்பு இது. 2012-ல் ஒரு அமெரிக்க மருந்து நிறுவன விஞ்ஞானிகள், புற்றுநோய் ஆய்வில் பேர்போன 53 கட்டுரைகளின் முடிவுகளைத் தாங்களே திரும்பச் செய்து பார்த்ததை நேச்சர் இதழில் எழுதினார்கள். உறுதிப்பட்டவை 6.

உளவியல்காரர்கள் குறைந்தபட்சம் தங்கள் வீட்டுக் குப்பையைத் தாங்களே வாசலில் கொட்டிக் காட்டினார்கள். 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து 2015-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முதலில் வந்தபோது அவற்றில் 97 சதவீதம் சிக்னிஃபிகண்ட். திரும்பச் செய்தபோது 36 சதவீதம். யாரும் டேட்டாவைப் பொய்யாக எழுதியதாக அதற்கு அர்த்தம் இல்லை. அதற்கு நாலு வருடம் முன்பு சிமன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற ஆய்வாளர்கள் மூவர் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்ட மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை வயது குறைந்துவிட்டது என்று, நிஜ மாணவர்களை வைத்து, வழக்கமான கணக்குமுறையிலேயே சிக்னிஃபிகண்டாகக் காட்டினார்கள். அப்புறம் எதையெல்லாம் அளந்து சொல்லாமல் விட்டோம், டேட்டா எடுப்பதை எப்போது நிறுத்தினோம் என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். என்னிடம் வருகிறவர்கள் தெரியாமல் செய்வதைத் தெரிந்தே செய்து காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பகுதிநேர ஆய்வாளர் ஒருவர், பள்ளி ஆசிரியர். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூச்சுப்பயிற்சி கொடுத்து மன அழுத்தம் குறைகிறதா என்று பார்த்தார். குறையவில்லை. ஆனால் கேள்வித்தாளில் தூக்கம், கவனம், கோபம் என்று 11 அளவைகள் இருந்தன. ஆண், பெண் என்று பிரித்தால் 22. அதில் பெண்பிள்ளைகளின் தூக்கம் மட்டும் 0.04. "தலைப்பையே மாத்திடலாமா சார்?" ஒன்றோடொன்று தொடர்பில்லாத 22 சோதனை போட்டால், எதிலுமே எதுவும் இல்லாதபோதும் ஒன்றாவது தேறிவிட 68 சதவீத வாய்ப்பு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கு என்மேல் வருத்தம்தான்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. இந்த வேலைக்கு வந்த புதிதில் இதேபோல ஒருவருக்கு நானே தலைப்பை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். வைவா முடிந்து ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். சில வருடம் கழித்து வேறொரு ஆய்வாளர், அந்தத் தீசிஸில் இருந்ததை நிரூபணமானது என்று நம்பி வேலையைத் தொடங்கி, ஒன்றும் வராமல் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு, என் அறைக்கே வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நிதித்துறையில் இதே தவறு தீசிஸோடு நிற்பதில்லை, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குவரைக்கும் போகும். வணிகவியல் ஆய்வாளர் ஒருவர் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டியின் பத்து வருட விலைகளை மாதத்துக்கு மாதம், கிழமைக்குக் கிழமை பிரித்து அலசினார். 12 மாதம், 5 கிழமை, ஆக 60 கட்டம். 60-ல் 5 சதவீதம் என்றால் மூன்று. சும்மாவே மூன்று கட்டம் மின்னும். அவருக்கு செப்டம்பர் புதன்கிழமை மின்னியது. நான் கேட்பதற்குள் பணத்தையும் இறக்கியிருந்தார். அவர் அலசாமல் விட்டிருந்த அடுத்த மூன்று வருடத்தில் போட்டுப் பார்த்தோம். செப்டம்பர் புதன் மற்ற நாள்களைப் போலத்தான் இருந்தது.

பெரிய இதழ்களிலும் இதுதான் நிலை. பங்கு லாபத்தை முன்கூட்டிச் சொல்வதாக ஆய்விதழ்களில் வந்த 97 அளவுகோல்களை மெக்லீன், பான்டிஃப் என்ற நிதித்துறை ஆய்வாளர்கள் இருவரும் 2016-ல் ஆராய்ந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த காலத்துக்கு வெளியே லாபம் 26 சதவீதம் குறைவு. கட்டுரை வெளியான பிறகு 58 சதவீதம் குறைவு. டெலிகிராமில் "பேக்டெஸ்ட் செய்யப்பட்ட உத்தி", அதாவது பழைய விலைகளில் போட்டுப் பார்த்தது என்று காசு கேட்பவர்களிடம், எத்தனை உத்தியைப் போட்டுப் பார்த்துவிட்டு இதை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது.

முன்கூட்டியே திட்டம் போடுவதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பவர்களுக்கு நான் சென்னைச் சேத்துப்பட்டைச் சொல்வேன். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில், யாருக்கு வீட்டிலேயே சிகிச்சை, யாருக்கு சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனை) தங்கி என்பதைக் குலுக்கல் முறையில் முதலிலேயே பிரித்துவிட்டார்கள். வீட்டுச் சிகிச்சையும் கிட்டத்தட்ட அதே அளவு பலன் தருகிறது என்று 1959-ல் வந்த முடிவு பல நாடுகளில் காசநோய் சிகிச்சையையே மாற்றியது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. டேட்டா எடுக்கும் முன்னால் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: என்ன கேள்வி, முக்கியமான அளவை எது (ஒன்றே ஒன்று), எத்தனை பேர் அல்லது எத்தனை வலை, எந்தச் சோதனை. தேதி போட்டு கைடுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். ஆய்வுத் திட்டங்களைப் பதிந்துவைக்கும் ஓ.எஸ்.எஃப். இணையதளத்தில் இலவசமாகவே பதிந்துவைக்கலாம். மனிதர்கள்மேல் மருத்துவச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு 2009 முதல் கட்டாயம். எதுவும் வரவில்லையென்றால் வரவில்லை என்றே எழுதுங்கள். தீசிஸ் கொடுக்க முன்னதாகக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. வேலைக்குப் போகும்போது கட்டுரை கேட்கத்தான் செய்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை.

மடவை மாணவி ஒரு மாதம் வரவே இல்லை. அப்புறம் ஒரு பக்கத் திட்டத்தோடு வந்தாள். இரண்டு ஊரிலும் மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு படகு, ஒரு வலைக்கு நாலு மீன் போதும். நடுவில் புயல் எச்சரிக்கை வந்து ஒரு முறை படகே இறங்கவில்லை. "அந்தத் தேதியை என்ன சார் பண்றது?" என்று போனில் கேட்டாள். படகு இறங்கவில்லை என்று எழுதச் சொன்னேன். நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஈரமான ஐஸ் பெட்டி, மேலே மார்க்கரில் தேதி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: வலை 9.