கையடக்க பிளேயருக்கு வீடியோ மாற்றும்போது எந்த செட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது?

"கணினியில் நன்றாக ஓடுகிறது, பிளேயரில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, படத்தைக் காணோம்." வீடியோ மாற்றித் தரும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. கோப்பின் பெயர் எம்பி4 என்று முடியும். பிளேயரின் அட்டையிலும் எம்பி4 என்றுதான் போட்டிருக்கும். அப்புறம் ஏன் ஓடவில்லை?

எம்பி4, ஏவிஐ, எம்கேவி எல்லாம் வெறும் பெட்டிகள். உள்ளே இருக்கும் படம் எந்த கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே எம்பி4 பெட்டிக்குள் எச்.264 இருக்கலாம், எச்.265 இருக்கலாம், பழைய எம்பெக்-4 இருக்கலாம். கணினி சாப்ட்வேரை வைத்து எதையும் பிரித்துக் காட்டிவிடும். கையடக்க பிளேயரில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன சிப். அதற்குத் தெரிந்ததை மட்டும்தான் அது ஓட்டும். ஆகவே நீங்கள் முதலில் திறக்க வேண்டியது கன்வெர்ட்டரை அல்ல, பிளேயரின் கையேட்டை. அதில் 'ஆதரிக்கும் வீடியோ' என்ற பகுதியில் நாலைந்து வரிகள் இருக்கும். கோடெக், புரொஃபைல் (அந்த கோடெக்கில் எந்த வகை), அதிகபட்ச அளவு (எத்தனை புள்ளிகள்), பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு), ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள்). உங்கள் செட்டிங் முழுக்க அந்த வரிகளுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். 2005-இல் வீடியோ காட்டும் ஐபாட் வெளிவந்தபோது அது ஏற்ற எச்.264 வீடியோ 320×240 அளவு, பேஸ்லைன் என்ற எளிய புரொஃபைல், 768 கேபிபிஎஸ் (நொடிக்கு 768 கிலோபிட்) வரை, நொடிக்கு 30 ஃப்ரேம் வரை. இதில் பலர் கவனிக்காமல் விடுவது புரொஃபைலை. இன்றைய கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் ஹை புரொஃபைலில்தான் எழுதும். அளவும் பிட்ரேட்டும் சரியாக இருந்தாலும், ஹை புரொஃபைல் கோப்பை பேஸ்லைன் மட்டும் தெரிந்த சிப் திறக்காது. நிறத்தை வழக்கமான 8 பிட்டுக்குப் பதில் 10 பிட்டில் எழுதிய வீடியோவும் அப்படித்தான், பழைய பிளேயர்கள் பெரும்பாலும் கையை விரித்துவிடும். எச்.264 என்று போட்டிருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இந்த இரண்டு இடங்களில்தான்.

அடுத்தது அளவு. திரை 320×240 என்றால் 1920×1080 வீடியோவை அப்படியே ஏற்றுவதில் எந்த லாபமும் இல்லை. சிப் ஏற்றுக்கொண்டாலும் பேட்டரிதான் சீக்கிரம் தீரும், திரையில் தெரியப்போவது அதே 320 புள்ளிகள்தான். சின்ன வீடியோவைப் பெரிதாக்குவதும் வீண். மூலத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்த கன்வெர்ட்டரும் கொண்டுவந்து தராது.

பிட்ரேட்டுக்கு ஒரு எளிய கணக்கு போதும். வீடியோ 768, ஆடியோ 128, ஆக 896 கேபிபிஎஸ். இரண்டு மணி நேரம் என்றால் 7,200 நொடி. பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் 8,06,400 கேபி, அதாவது ஏறக்குறைய 806 எம்பி. மெமரி கார்டில் இடம் போதுமா என்று மாற்றுவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருட்களில் தரத்தை எண்ணால் குறிக்கும் வசதியும் உண்டு. எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெருக்கும். ஃபோனுக்கு அது நல்ல வழி. ஆனால் பிட்ரேட்டுக்கு வரம்பு உள்ள பிளேயருக்கு அதை மட்டும் நம்பக்கூடாது. சண்டைக்காட்சியில் பிட்ரேட் எகிறி, சரியாக அந்த இடத்தில் படம் திக்கும். அதிகபட்ச பிட்ரேட்டையும் சேர்த்துக் குறித்துவிடுங்கள். சராசரி பிட்ரேட்டைக் கொடுத்து இரண்டு பாஸில் (முதல் முறை படத்தை அலசி, இரண்டாம் முறை சுருக்குவது) மாற்றினாலும் அந்த வரம்பு வேண்டும்.

டிவிடியில் இருந்து எடுத்த குடும்ப வீடியோக்களில் எனக்கு மனம் பொறுக்காத ஒன்று, இழுபட்ட முகங்கள். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடியின் படம் 720×576 புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகள் சதுரம் அல்ல. திரையில் அது 4:3 ஆகவோ 16:9 ஆகவோ விரிய வேண்டும். எப்படி விரிய வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காமல் 720×576-ஐ அப்படியே விகிதம் மாறாமல் சுருக்கினால் 320×256 வரும். அகலத்திரைப் படமாக இருந்தால் அதில் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாக நிற்பார்கள். அதன் சரியான அளவு 320×180. சில பழைய பிளேயர்கள் 16-ஆல் வகுபடும் அளவைத்தான் ஏற்கும், அவற்றுக்கு 320×176. மாற்றி முடித்ததும் படத்தில் ஒரு வட்டமான பொருளைத் தேடிப் பாருங்கள். சக்கரமோ தட்டோ வட்டமாகத் தெரிந்தால் விகிதம் சரி.

அதே பழைய வீடியோக்களில், யாராவது கையை வீசும்போது ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது இன்டர்லேஸ் வீடியோ, அதாவது ஒரே படத்தின் ஒற்றை, இரட்டைக் கோடுகள் வேறு வேறு நொடித்துளியில் எடுக்கப்பட்டவை. டீஇன்டர்லேஸ் செய்த (அந்தக் கோடுகளைப் பிரித்து முழுப் படமாக்கிய) பிறகுதான் அளவைக் குறைக்க வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டு வேறு நொடித்துளிகளின் கோடுகள் ஒன்றாகக் குழைந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது.

ஃப்ரேம் ரேட்டை மூலத்தில் உள்ளபடியே விடுங்கள். 24-ஐ 30 ஆக்கினால் அசைவு தத்தும். 60-ஐ 30 ஆக்குவது மட்டும் பரவாயில்லை. ஃபோனில் எடுத்த வீடியோவில் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும், அதை நிலையான ரேட்டுக்கு மாற்றாவிட்டால் சில பிளேயர்களில் போகப்போக உதடும் குரலும் பிரியும்.

ஆடியோவுக்கு ஏஏசி எல்சி என்ற கோடெக், ஸ்டீரியோ, 128 கேபிபிஎஸ் போதும். திரைப்படத்தின் 5.1 (ஆறு சேனல்) ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். இடது, வலது இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இசை முழங்கும், பேச்சு கேட்காது. டவுன்மிக்ஸ் என்ற செட்டிங்கைத் தேர்ந்தால் எல்லாம் கலந்து வரும்.

தமிழ் சப்டைட்டில் வேண்டுமா, அதைப் படத்தோடு பதித்துவிடுவதே நல்லது. பல பிளேயர்களுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வரும். பதிக்கும்போது எழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாக வையுங்கள், அந்தச் சின்னத் திரையில் படிக்க வேண்டுமே.

இதையெல்லாம்விட நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும் படத்தின் ஒரு பகுதி போய்விடுகிறது, அது திரும்ப வராது. இன்றைய பிளேயருக்காக 320×240 ஆக்கி, "அதுதான் இருக்கிறதே" என்று பெரிய கோப்பை அழித்துவிட்டு, பிற்பாடு பெரிய டிவியில் பார்க்க வேண்டும் என்று வருபவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. திருமண வீடியோ, இறந்துபோன பெற்றோரின் வீடியோ என்றால் அவர்களிடம் அதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மாற்றிய கோப்பு பார்ப்பதற்கு மட்டும், பாதுகாப்பதற்கு அல்ல. உள்ளே இருக்கும் கோடெக் ஏற்கெனவே பிளேயருக்கு ஒத்துவந்து, பெட்டி மட்டும் பொருந்தவில்லை என்றால் மறுபடி சுருக்கவே வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் போன்ற கருவியால் பெட்டியை மட்டும் மாற்றலாம். தரம் கொஞ்சமும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். கார்டு ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுப் படத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு நிமிடத்தை மாற்றிப் பாருங்கள். அமைதியான காட்சி வேண்டாம். இருட்டும் வேகமான அசைவும் உள்ள இடமாக எடுங்கள், பிட்ரேட் போதாவிட்டால் கட்டம் கட்டமாக உடைவது அங்கேதான் தெரியும். கணினியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பிளேயரிலேயே ஓட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் முழுவதையும் மாற்றிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தையும் ஒருமுறை ஓட்டுங்கள். குரல் விலகுவது ஒரு நிமிடத் துண்டில் தெரியாது, இறுதியில்தான் தெரியும்.