எண்டெமிக்: 'ஓரிட வாழ்வி' என்றால் என்ன?

நித்தியகல்யாணி, செம்மயிற்கொன்றை, விசிறி வாழை. மூன்றும் நம் ஊர்களில் சர்வசாதாரணம். முதலாவது சுடுகாட்டோரத்தில்கூட தானாக முளைத்துக் கிடக்கும். இரண்டாவது மே மாத வெயிலில் சாலையோரம் சிவக்கச் சிவக்கப் பூக்கும். மூன்றாவதைப் பெரிய வீடுகளின் வாசலில் பார்க்கலாம். ஆனால் தாவரவியலாளர்களைக் கேட்டால் மூன்றுமே மடகாஸ்கரின் 'எண்டெமிக்' தாவரங்கள் என்பார்கள். அந்தத் தீவில் மட்டுமே உள்ளவை என்பதுதானே அதற்குப் பொருள், அப்புறம் இங்கே எப்படி என்று கேட்கத் தோன்றும்.

மனிதர் கொண்டுபோய் நட்டதும் அதிலிருந்து பரவியதும் இந்தக் கணக்கில் சேராது. ஓர் உயிரினம் யார் தயவும் இல்லாமல் வாழ்ந்துவரும் எல்லை எதுவோ, அதை வைத்துத்தான் எண்டெமிக் என்று முடிவு செய்கிறார்கள். நித்தியகல்யாணி உலகம் சுற்றிவிட்டது, புற்றுநோய்க்கு மருந்தும் தருகிறது. இருந்தாலும் அதன் சொந்தக் காடு மடகாஸ்கர்தான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'என்' என்றால் உள்ளே, 'டெமோஸ்' என்றால் மக்கள். மக்களுக்குள்ளேயே தங்கிவிட்ட நோயைக் குறிக்க முதலில் மருத்துவர்கள்தான் இதைப் பயன்படுத்தினார்கள். கொள்ளைநோயைக் குறிக்கும் 'எபிடெமிக்' இதன் உடன்பிறப்பு. 1820இல் ஸ்விட்சர்லாந்துத் தாவரவியலாளர் அகஸ்டின் டி கண்டோல், ஒரு நிலப்பகுதிக்குள் மட்டுமே வளரும் செடிகளுக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். மருத்துவம், உயிரியல் இரண்டிலும் அது இன்றுவரை இருக்கிறது.

நம் செய்திகளில் எண்டெமிக் பெரும்பாலும் 'அரிய வகை' என்றோ 'பூர்வீக இனம்' என்றோ ஆகிவிடுகிறது. இரண்டும் தவறு. ஓரிடத்துக்கே உரியது அங்கே ஏராளமாகவும் இருக்கலாம். பூர்வீகம் என்பதும் வேறு. மன்னாரில் நிற்கும் பெருக்கமரத்தை (பொந்தன்புளி என்றும் சொல்வதுண்டு) அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்த வகை ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் பூர்வீகம், ஆனால் அவற்றில் எந்த ஒரு நாட்டுக்கும் எண்டெமிக் இல்லை. மொத்தம் எட்டு வகைப் பெருக்கமரங்களில் ஆறு மடகாஸ்கரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அந்த ஆறும்தான் மடகாஸ்கரின் எண்டெமிக்.

மடகாஸ்கரையே திரும்பத் திரும்ப உதாரணம் காட்டக் காரணம் இருக்கிறது. ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டிலிருந்து பிரிந்த பிறகு அது தனித் தீவு. அங்குள்ள பூக்கும் தாவரங்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் அங்கு மட்டுமே இருப்பவை. குரங்குகளுக்கு உறவான லெமூர் என்ற விலங்குகளோ அத்தனையும் அப்படித்தான். அங்கே ஒன்று அழிந்தால் காட்டில் வாழும் அந்த இனமே உலகத்தில் முடிந்தது. உலகம் அந்தத் தீவின் காட்டைப் பற்றிக் கவலைப்பட இந்த ஒரு வாதமே போதுமானதாக இருந்தது.

1970 அக்டோபரில் தலைநகர் தனனரீவில் (இன்றைய அந்தனானரிவோ) மடகாஸ்கரின் இயற்கைப் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச மாநாடு கூடியது. 1975இல் ரட்சிராக்கா ஆட்சிக்கு வந்தபின் வெளிநாட்டு ஆய்வாளர்கள் உள்ளே நுழைவது பெருமளவு நின்றுபோனது. அடுத்த மாநாடு கூட 1985 நவம்பர் ஆகிவிட்டது. உலகக் காட்டுயிர் நிதியத்தின் தலைவராக இருந்த இளவரசர் பிலிப்பும் வந்திருந்தார். இந்த முறை 'வளர்ச்சிக்காக இயற்கை வளப் பாதுகாப்பு' என்பது பேசுபொருளானது. எனக்கு இதுதான் முக்கியமான திருப்பமாகப் படுகிறது. 'இது உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கிறது' என்று அறிவியலாளர் சொன்னால், காட்டை எரித்து மலைநெல் விதைக்கும் விவசாயி 'சரி, என் சோற்றுக்கு என்ன வழி?' என்று கேட்பாரே. அதற்கு எண்டெமிக் என்ற சொல்லில் பதில் இல்லை. 1990இல் தேசியச் சுற்றுச்சூழல் செயல்திட்டம் வந்தது. 2003இல் டர்பனில் நடந்த உலகப் பூங்காக்கள் மாநாட்டில், பாதுகாக்கப்பட்ட பரப்பை 17 லட்சம் ஹெக்டேரிலிருந்து 60 லட்சமாக உயர்த்துவோம் என்று அதிபர் ரவலோமனானா அறிவித்தார். ஆனாலும் அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களைப் பதிவு செய்யும் சர்வதேசச் சிவப்புப் பட்டியலின் 2020 கணக்குப்படி 107 லெமூர் இனங்களில் 103 அச்சுறுத்தலில் இருக்கின்றன.

தமிழில் என்ன சொல்வது? கலைக்களஞ்சியங்களில் 'அகணிய உயிரி' என்று இருக்கிறது. சுருக்கமான சொல்தான், ஆனால் முதன்முறை படிப்பவருக்கு எதுவும் பிடிபடாது. 'ஓரிட வாழ்வி' கேட்டவுடன் புரிகிறது, பெயர்ச்சொல்லாக அதையே வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்துக்குள் வரும்போது அதைவிட நல்ல வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: 'மடகாஸ்கருக்கே உரிய லெமூர்', 'இலங்கைக்கே உரித்தான பறவை'. அந்த ஏகாரத்தை இலக்கணத்தில் பிரிநிலை ஏகாரம் என்பார்கள். மற்ற இடங்களையெல்லாம் விலக்கிவிட்டு ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுகிற வேலையை அது கச்சிதமாகச் செய்துவிடுகிறது.

எதைப் பயன்படுத்தினாலும் இடத்தின் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும். ஓரிடம் என்பது ஒரு மலையாகவும் இருக்கலாம், ஒரு கண்டமாகவும் இருக்கலாம். வெறுமனே 'இது ஓரிட வாழ்வி' என்றால் எந்த இடம் என்ற கேள்வி நிற்கும். நோய்க்கு மட்டும் இந்தச் சொல் ஒத்துவராது. மலேரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் 'இந்த வட்டாரத்தில் நிலைத்துவிட்ட நோய்' என்றே எழுதலாம்.