கழுத்திலிருந்து இறங்கிய எடை எங்கே போகிறது?

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைகிறவர்களின் பிடரி வலி எங்கள் பக்கத்தில் அபூர்வமான தொந்தரவு அல்ல. தர்மபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என்னிடம் இரண்டு வகையான ஆட்கள் அதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஒரு வகை. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ஏரிக்கரையில் போய் நிற்கும் பறவை ஆர்வலர்கள் இன்னொரு வகை. ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு இவர்கள் வரவு சற்றுக் கூடும். இப்போது இரு தரப்பும் கேட்பது ஒன்றைத்தான்: இணையக் கடைகளில் மார்பில் கட்டும் வார் விற்கிறார்களே, அதை வாங்கினால் வலி போய்விடுமா?

வாங்கலாம். ஆனால் வார் எடையைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. எந்த இடத்துக்கு என்பதை நீங்கள் வாங்குகிற வாரும், அதை இறுக்கிக் கட்டுகிற விதமும் தீர்மானிக்கின்றன. கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் இதுதான்.

முதலில் கழுத்து ஏன் வலிக்கிறது என்று பார்ப்போம். 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் அகலம் 42 மில்லிமீட்டர்) என்று அச்சிட்ட பைனாகுலர் பெரும்பாலும் 600 முதல் 750 கிராம் வரை இருக்கும். 10×50 என்றால் முக்கால் கிலோவைத் தாண்டி ஒரு கிலோவை நெருங்கும். ஒரு சொம்புத் தண்ணீரின் எடைகூட இல்லாத பொருள் ஆளைப் படுத்துமா என்று கேட்கிறார்கள். எடையைவிட, அது தொங்கும் முறைதான் கெடுக்கிறது. மெல்லிய நைலான் வார் பிடரியில் ஒரே கோட்டில் அழுத்துகிறது. ஒவ்வொரு அடிக்கும் பைனாகுலர் ஆடி நெஞ்சில் மோதுகிறது. அதைத் தாங்கிக்கொள்ள நம்மை அறியாமலே தோளை உயர்த்தி, தாடையை முன்னே நீட்டுகிறோம். நாலரை, ஐந்து கிலோ எடையுள்ள தலை முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டியிருக்கிறது. மணிக்கணக்கில் அவை தளர்வதே இல்லை.

காவலர் ஒருவர் சட்டைக் காலரை இறக்கிக் காட்டியபோது, வார் கிடந்த இடத்தில் தோல் கறுத்துக் கோடு போட்டிருந்தது. அதற்கு ஓர் அங்குலம் கீழே, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள தசையில், கட்டைவிரலுக்குப் புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. அழுத்தியதும், "அங்கேதான் மேடம். காதுக்குப் பின்னால் ஏறி நெற்றிப்பொட்டு வரைக்கும் போகிறது" என்றார். தலைவலி என்று மாத்திரை போட்டிருக்கிறார், சுளுக்கு என்று எண்ணெய் தடவி உருவியும் விட்டிருக்கிறார்கள். பைனாகுலரை மாட்டிக் காட்டச் சொன்னேன். தொப்புளுக்கு நேராகத் தொங்கியது. வாரைச் சுருக்கி மார்பு உயரத்துக்கு ஏற்றியதும் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. இதற்குக் காசு தேவையில்லை. எதையும் வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

இனி வாருக்கு வருவோம். சந்தையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை வெறும் எலாஸ்டிக் பட்டைகள். இரு தோள்களின் மேலும் போய், முதுகில் பெருக்கல் குறிபோல் குறுக்காகச் சந்தித்து, அக்குள் வழியாக முன்னே வந்து பைனாகுலரின் இரு காதுகளில் மாட்டும். இரண்டாவது, அதே பட்டைகளோடு மார்பில் மூடி போட்ட பையும் சேர்ந்தது. இந்தப் பை அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக வளர்ந்த பொருள். மலைச்சரிவில் மணிக்கணக்கில் உட்கார்ந்து எதிர்ச்சரிவில் மான் தேடுகிறவர்கள் அவர்கள். தூரம் அளக்கும் கருவிக்கு ஓர் உறை, கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பானுக்கு ஓர் உறை என்று அவர்களுடைய தேவைகள் எல்லாம் அந்தப் பையில் தொங்குகின்றன.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. 2014 இல் காவிரி வடக்கு, 2022 இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் கணிசமான பகுதி இன்று சரணாலயம். வேட்டைக்காரருக்காகத் தைத்த பை இங்கே வேட்டையைத் தடுக்கிறவரின் மார்பில் ஏறுவதில் எனக்கு ஒரு தனித் திருப்தி உண்டு. ஆனால் அந்த உறைகள் எல்லாம் நமக்கு வேண்டாம். சில பைகளின் வெற்று எடையே அரைக் கிலோவை நெருங்கும். காலியாக இருக்கும் உறையில் போன், பவர் பேங்க், டார்ச், மிக்சர் பொட்டலம் என்று ஏதாவது போய்ச் சேரும். கழுத்தைக் காப்பாற்ற வாங்கிய சாமான் இரண்டு கிலோவாகித் தோளை முன்னுக்கு இழுக்கும். உறை குறைந்த பையே நல்ல பை.

கட்டும் முறையில் முதலில் முதுகைக் கவனியுங்கள். உங்களால் பார்க்க முடியாத இடம் என்பதால் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டைகள் சந்திக்கும் இடம் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பின்மேல் அது ஏறி நின்றால், பழைய கழுத்து வாருக்கே காசு கொடுத்திருக்கிறீர்கள். என்னிடம் காட்டப்படும் வார்களில் இந்தக் குறைதான் அதிகம். பட்டைகளின் நீளத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். குள்ளமானவர்களுக்குச் சில வார்களில் எவ்வளவு சுருக்கினாலும் இறங்காது. அப்படியானால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது மூச்சு. விலாவைச் சுற்றும் பட்டையைக் கட்டிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். அந்த நிலையில் இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். வீட்டு வாசலில் நின்று கட்டும்போது இதமாகத் தெரியும் இறுக்கம், மேலகிரி மலையின் ஏற்றத்தில் மூச்சு முட்டவைக்கும். அக்குளில் பட்டை அறுத்துக்கொண்டு போனால் கை மரத்துப்போகும். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் உடனே தளர்த்துங்கள். பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இந்தப் பைகளில் பல, ஆணின் தட்டையான மார்பைக் கணக்கிட்டுத் தைத்தவை. பை சாய்ந்து நிற்கும், பட்டை பக்கவாட்டில் அழுத்தும். எனக்குத் தெரிந்த பெண்களில் பலர் பையை விட்டுவிட்டு வெறும் எலாஸ்டிக் வாருக்கே வந்துவிட்டார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கிறது.

பையைக் கட்டியபடி தலையை மட்டும் குனிந்து உங்கள் கால்களைப் பாருங்கள். செருப்பின் நுனி தெரிகிறதா? பருத்த பை, காலடிக்கு முன்னால் உள்ள தரையை அப்படியே மறைத்துவிடும். ஒகேனக்கல் பக்கத்துப் பாறைச் சரிவிலும், சருகு மூடிய ஒற்றையடிப் பாதையிலும் கால் வைக்கும் இடம் தெரியாமல் நடப்பது கழுத்துவலியைவிடப் பெரிய ஆபத்து. அங்கே கணுக்கால் பிசகும், கண்ணாடி விரியனும் இருக்கும். கீழே பார்க்கும் வசதிக்காகப் பையை மேலே ஏற்றினால் தாடை இடிக்கும். வயிற்றுக்கு இறக்கினால் குத்த வைத்து உட்காரும்போது தொடை முட்டும். ஆகவே பைனாகுலருக்கு மேல் ஒரு விரல்கூட மிச்சமில்லாத ஒல்லியான பை போதும். அகன்ற உடம்புள்ள பழைய மாதிரி பைனாகுலர் வைத்திருப்பவர்களுக்குப் பை சரிப்படாது, வார்தான்.

யானைக் காட்டில் நடப்பவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கேழ்வரகு அறுவடை நேரத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்குவது இங்கே எல்லாருக்கும் தெரியும். யானைக்குப் பார்வை மந்தம். காதும் மூக்கும் கூர்மை. எனவே இலைப் படம் அச்சடித்த துணிக்கு அதிக விலை கொடுப்பதில் பயனில்லை, ஆனால் 'வெல்க்ரோ' மூடியைப் பிரிக்கும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும். கொக்கியை ஒரே கையால், பார்க்காமல், கழற்ற வருகிறதா என்று வீட்டிலேயே பழகுங்கள். உண்ணிச்செடிப் புதரில் வார் சிக்கினால் அதை விட்டுவிட்டு ஓட முடிய வேண்டும். தொங்கும் பட்டை முனைகளை மடித்துத் தைத்துவிடுங்கள். முதுகுப்பையை இதன்மேல் மாட்டினால், அவசரத்தில் முதலில் கழற்ற வேண்டியது முதுகுப்பை என்பதும் நினைவிருக்கட்டும்.

சத்தமில்லாத மூடி வேண்டும் என்று காந்தம் வைத்த பையைத் தேடுவார்கள். அங்கேதான் ஒரு மருத்துவ எச்சரிக்கை. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள், அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்கள் இந்தப் பையைக் கட்டவே கூடாது. கருவி பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் இருக்கிறது. மூடிக் காந்தம் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். வலுவான காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் தன் வழக்கமான கணிப்பை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் துடிக்கவைக்கும். அதிர்ச்சிக் கருவியோ, காந்தம் இருக்கும்வரை அதிர்ச்சி கொடுக்காமலே இருந்துவிடக்கூடும். காந்தம் உள்ள போன் போன்ற சாதனங்களை இக்கருவிகளிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 இல் அறிவுறுத்தியது. ஓய்வு பெற்றபின் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல், மே மாதத்தில் பையின் பின்பக்கம் வியர்வையில் ஊறிவிடும். வலைத்துணி வைத்ததாகப் பாருங்கள், வந்ததும் துவைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் மார்பில் படர்தாமரை வரும், மூடிய பைக்குள் லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். எலாஸ்டிக் தொய்ந்தால் புது வார் வாங்க ஓட வேண்டாம். பை தைப்பவரிடம் கொடுத்தால் அதே அகலத்தில் மாற்றித் தருவார்.

வார் ஒரு வசதி, சிகிச்சை அல்ல. வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கினாலோ, பிடித்த பொருள் நழுவினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ உருவிவிடுகிறவரிடம் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஏற்றத்தில் நடக்கும்போது நெஞ்சு இறுகி, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் அதை வாரின் இறுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கொக்கியைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்காருங்கள், கூட வந்தவர் 108-ஐ அழைக்கட்டும். சிக்னல் இல்லாத காடு என்றால் அவர் ஓடிப்போய் மேட்டில் ஏறி அழைக்க வேண்டியிருக்கும், ஆகவே தனியாகப் போகாதீர்கள்.