அறுந்த நரம்பைப் பசையால் ஒட்ட முடியுமா?

ஜன்னல் கண்ணாடி உடைந்து மணிக்கட்டில் வெட்டு. ரத்தம் நின்றது, தோலில் தையலும் போட்டாயிற்று. பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கும்போதுதான், "ஆள்காட்டி விரல் மதமதன்னு இருக்கு டாக்டர்" என்ற பேச்சு வருகிறது. உள்ளே, மணிக்கட்டு வழியாக விரல்களுக்குத் தொடு உணர்வைக் கொண்டுவரும் மீடியன் நரம்பு அறுந்திருக்கிறது. முதல் நாளே கண்டுபிடித்திருக்க வேண்டியது அது.

குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், 'நரம்பு ஊசி' போடுவதும் ரத்தக்குழாயில்தான். அதனால் ரத்தம் நின்றதும் நரம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடுகிறோம். கையில் எந்த வெட்டுக்காயம் பட்டாலும், மரப்பு ஊசி போடுவதற்கு முன்பே, கண்ணை மூடச் சொல்லி ஆள்காட்டி விரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சொல்லத் தெரியாத குழந்தையாக இருந்தால், பிளாஸ்டிக் பேனாவை விரலின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல விரலில் வியர்வை ஈரத்தால் பேனா லேசாகப் பிடிக்கும். நரம்பு அறுந்த விரல் வறண்டு, பேனா வழுக்கிக்கொண்டு போகும்.

கத்தி, கண்ணாடி போன்ற கூரான வெட்டு என்றால் சில நாட்களுக்குள் நரம்பை இணைத்துவிடுவது நல்லது. நசுங்கிக் கிழிந்த காயத்தில் எதுவரை சேதம் என்பது உடனே தெரியாது. சுமார் 3 வாரம் பொறுத்துச் செய்வது உண்டு.

இணைப்பு மைக்ரோஸ்கோப்பின் கீழ் நடக்கும். முனைகளை நல்ல நரம்புக் கற்றைகள் தெரியும்வரை சீவி, தலைமுடியைவிட மெல்லிய 9-0 அல்லது 10-0 நைலான் இழையால் தைக்கிறோம். ஒவ்வொரு தையலும் கொஞ்சம் தழும்பை உண்டாக்கும். அதைக் குறைக்கத்தான் ஃபைப்ரின் பசை. ஒரு சிரிஞ்சில் ஃபைப்ரினோஜன், மற்றொன்றில் கால்சியம் கலந்த த்ராம்பின்; இரண்டுமே ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள். இரண்டும் சேர்ந்தால், ரத்தம் உறைவதன் கடைசிக் கட்டம் அப்படியே நடக்கிறது. த்ராம்பின் செறிவு அதிகமாக இருந்தால் சில நொடிகளில் இறுகிவிடும், முனைகளைச் சரிசெய்ய அவகாசம் இருக்காது. ஆகவே முதலில் இரண்டு மூன்று தையலில் முனைகளை நேர்படுத்திவிட்டு, இணைப்பைச் சுற்றி மெல்லிய உறைபோலப் பசையைப் போடுகிறோம். முனைகளுக்கு நடுவே அது இறங்கக் கூடாது.

இழுவையைத் தாங்கும் பலம் இந்தப் பசைக்குக் கிடையாது. இரண்டு வாரத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும். சுமார் 3 வாரம் சிம்பு கட்டி வைக்கச் சொல்வது அதனால்தான். கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனால் முனைகள் பிரிந்துவிடலாம். இடைவெளி அதிகமிருந்தால் இழுத்து ஒட்டவே கூடாது, காலின் சூரல் நரம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து இடையில் வைத்து இணைக்க வேண்டும். கடையில் விற்கும் சூப்பர் க்ளூவுக்கு இங்கே இடமே இல்லை. அது திசுவுக்கு நஞ்சு.

நரம்பை வளரத் தூண்டும் புரதங்களான வளர்ச்சிக் காரணிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நரம்பு வளர்ச்சிக் காரணி உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ரீட்டா லெவி-மோன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் கருவிழியின் நரம்புப் பாதிப்புக்கு நரம்பு வளர்ச்சிக் காரணி சொட்டு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் கை, கால் நரம்புக்கு இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. போட்ட மருந்து அந்த இடத்தில் நீடிப்பதில்லை. ஜிடிஎன்எஃப் என்ற காரணியை ஓரிடத்தில் அளவுக்கு மீறி வைத்த எலிச் சோதனைகளில், நரம்பு இழைகள் அங்கேயே சுருண்டு நின்று கீழே இறங்கவில்லை. 'நரம்பு வளர ஊசி' என்று எவராவது காசு கேட்டால், அது பதிவுசெய்த ஆய்வின் பகுதிதானா என்று கேளுங்கள். ஆய்வு என்றால் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள், ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்கமாட்டார்கள்.

இணைத்த நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு 18 செ.மீ. என்றால் ஆறு மாதம், தொடக்கத் தாமதத்துக்கு மேலும் ஒரு மாதம். நரம்பு வந்து சேராத தசை 12 முதல் 18 மாதத்துக்குள் மீளாத நிலைக்குப் போய்விடும். அக்குளில் அறுந்த நரம்பு கையின் சின்னத் தசைகளை உரிய காலத்தில் எட்டுவது கடினம். பசையை எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும், தாமதமாக வந்தவருக்கு அந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.

காத்திருக்கும் நாட்களில் நரம்பு ஓடும் வழியைத் தட்டிப் பார்ப்போம். சுருக்கென்று மின்னும் இடம் மாதாமாதம் கீழே இறங்கினால் இழை வளர்கிறது என்று அர்த்தம். அதுவரை சூடு தெரியாத அந்த விரல்களால் காபி டம்ளரையோ தோசைக்கல்லையோ தொடாதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டதே தெரியும்.